பிறைக் கீறல்கள்

அத்தியாயம் 6

செத்தவர் ஒரு தையல்காரர். கடையைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவரை, இருட்டத் தொடங்கும் வேளையில், ஆள் நடமாட்டமில்லாத கிடங்குத் தெருவில் ஒரு சிவப்புக் கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருந்தது. அந்தக் கார் கிடைத்துவிட்டது. இடித்தவன் நான்தான் என்று ஒருவர் ஒப்புக்கொண்டு லாக்கப்பில் உட்கார்ந்தும்விட்டார்.

"கார் இருக்கு, ஆளு இருக்கு, வாக்குமூலமும் இருக்கு. இதுல நமக்கு என்னக்கா வேலை? பரீட்சை முடிஞ்ச பிறகு பாடம் படிக்க வந்த மாதிரி இருக்கு" என்றான் ரேடியோ.

வாய் ஓயாது என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். எல்லா ரேடியோவிலும் அணைக்க ஒரு பொத்தான் இருக்கும், இவனைச் செய்தவன் அதை மட்டும் வைக்க மறந்துவிட்டான் என்பது சர்வேயரம்மாவின் கட்சி. அவருக்கும் சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளை மதிப்புப் போட்டே பாதி வயதைக் கழித்தவர். அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்த பிறகும் ஊர் அவரைச் சர்வேயரம்மா என்றே கூப்பிட்டது.

போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்க வெட்டவெளியில் பிடிபட்ட வண்டிகள் வரிசையாகத் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் அந்தச் சிவப்புக் கார் மட்டும் வெற்றிலை போட்ட வாய் மாதிரிப் பளபளத்தது.

"பல் டாக்டர் ஒருத்தரோட கார் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "பாலிஷ் போடறதுக்காகப் பட்டறையில விட்டுட்டு வெளியூர் போயிருக்காரு. அங்க பாலிஷ் போடறவன் அன்னைக்கு சாயங்காலம் வேற ஒரு வண்டியை டெலிவரி கொடுத்துட்டுத் திரும்பி வந்து, இதை எடுத்துட்டு ஒரு சுத்து சுத்தப் போயிருக்கான். இடிச்சிருக்கான். கொண்டுவந்து அடையாளமே தெரியாம தேய்ச்சு வச்சிருக்கான். ரோட்டுல கிடந்த லைட்டுக் கண்ணாடித் துண்டை வச்சு நாங்க பட்டறைக்குப் போனோம். கேட்டுக்குள்ள காலை வைக்கிறதுக்குள்ள 'நான்தான் சார்'னு கையை நீட்டிட்டான். இவ்வளவு லேசா எனக்கு ஒரு கேசும் முடிஞ்சதில்ல."

"லேசா முடிஞ்சதுதான் இன்ஸ்பெக்டர் எனக்கு இடிக்குது."

சர்வேயரம்மா அதிகம் விளக்கவில்லை. முந்தின நாள் பாலிஷ்காரரின் மனைவி அவருடைய ஆபீசுக்கு வந்திருந்தாள். குள்ளமான, மெலிந்த பெண். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கணவனின் சாவிக்கொத்தை மேஜையில் வைத்தாள். அவரைக் கைது செய்தபோது போலீஸ் அவளிடம் கொடுத்தது.

"அவரு இடிக்கல மேடம். யாரு இடிச்சாங்கன்னு என்னைக் கேக்காதீங்க. நீங்க வண்டியைப் பார்த்தே எல்லாம் சொல்லிடுவீங்கன்னு சொல்றாங்க. அந்தக் காரை மட்டும் பாருங்க. அது போதும்."

அழவில்லை. அழுது முடித்த முகமும் இல்லை. எதையோ பல்லுக்கு நடுவில் கடித்துப் பிடித்துக்கொண்டிருப்பவள் போல இருந்தாள்.

"காரைக் கொஞ்சம் வெயிலுக்குத் தள்ளச் சொல்லுங்க" என்றார் சர்வேயரம்மா.

இரண்டு கான்ஸ்டபிள்கள் தள்ளினார்கள். சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்ததும், முன்சக்கரத்துக்கு மேலே இருந்த வளைந்த தகட்டில் அதுவரை தெரியாமல் இருந்தவை எழுந்து வந்தன. பிறை பிறையாக வளைந்த கீறல்கள். ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும், தகட்டிலிருந்து பானெட்டின் மேல் ஏறி, நடுவுக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டன.

"யாரோ கார் மேல உக்காந்து நகம் வெட்டிப் போட்ட மாதிரி இருக்குக்கா" என்றான் ரேடியோ.

"பாலிஷ் மெஷின் எப்படி இருக்கும் தெரியுமா உனக்கு?"

"கிர்ருன்னு சுத்தும். பக்கத்து வீட்டுக்காரன் தூக்கம் போகும்."

"சுத்துற தண்டுல முதல்ல ஒரு தட்டு மாட்டணும். பேக்கிங் பிளேட்டுன்னு சொல்வாங்க. கெட்டியான தட்டு. அது மேல வெல்க்ரோவுல ஒட்டுற பஞ்சுதான் பேட். பெயின்ட்டைத் தொட வேண்டியது பேட் மட்டும்தான், தட்டு தொடவே கூடாது. இப்ப சொல்லு. பெரிய கட்டில்ல சின்ன மெத்தையைப் போட்டுப் புரண்டு படுத்தா என்ன ஆகும்?"

"இடுப்பு கட்டில் சட்டத்துல இடிக்கும்."

"அதேதான் இங்க நடந்திருக்கு. பெரிய தட்டுல சின்ன பேட். மெஷினைச் சாய்ச்சதும் வெளியே நீட்டிட்டு இருந்த தட்டோட விளிம்பு பெயின்ட்டைக் கடிச்சிருக்கு. ஒவ்வொரு கடியும் ஒரு பிறை."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "பதட்டத்துல செஞ்சிருப்பான் மேடம்."

"பதட்டத்துல கை நடுங்கும். சோறு திங்கிற வாய் எதுன்னு மறக்குமா?"

அவர் ஒரு பிறையின் குறுக்கே விரல் நகத்தை வைத்து இழுத்தார். நகம் எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. என்னவோ நெருடியது. என்ன என்று அப்போது பிடிபடவில்லை.

ரேடியோ பானெட்டின் நடுவைக் காட்டினான். "அக்கா, இது ஏன் இங்கேயே நின்னுடுச்சு?"

"அதுக்கு மேல கை எட்டல. குள்ளமான ஆளு."

"நான் அன்னைக்கு ஊர்லயே இல்லக்கா" என்றான், ஐந்தடியைத் தொடத் தவித்த ரேடியோ. பிறகு தலையைச் சொறிந்தான். "ஆனா சைக்கிள் ஹேண்டில் போட்ட கோடு நடுவு வரைக்கும் போயிருக்கணும்ல? பானெட்டு அந்த இடத்துல லேசா பள்ளமா இருக்கே. அங்க பெயின்ட்டு மட்டும் மொழுமொழுன்னு இருக்கு. கை எட்டாத ஆளு அதை எப்படித் தேய்ச்சான்?"

சர்வேயரம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். "வருஷத்துக்கு ஒரு தடவை நீயும் நல்ல கேள்வி கேக்கிற."

"அப்ப பதில்?"

"இப்போதைக்கு இல்ல."

மெஷின் சாமான் கடை சந்தைத் தெருவின் மூலையில் இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார் கடைக்காரர். சுவர் முழுக்க வட்ட வட்டமாகப் பேட்கள் தொங்கின. கம்பளி ஒரு பக்கம், பல நிறத்தில் ஸ்பாஞ்சு ஒரு பக்கம். தட்டுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தன.

"பாலிஷ் மெஷினுக்குத் தட்டும் பேடும் வேணும்" என்றார் சர்வேயரம்மா. "எப்படிப் பார்த்து வாங்கணும்?"

கடைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மொதல்ல உங்க மெஷின்ல மரை என்ன அளவுன்னு பாருங்க. மரை சேரலன்னா மாப்பிள்ளையும் பொண்ணும் சேராத மாதிரி, எவ்வளவு முறுக்கினாலும் நிக்காது. அடுத்தது தட்டு. வளைஞ்ச இடத்துக்கு மெத்துன்னு வளைஞ்சு கொடுக்கிற தட்டு, தட்டையான இடத்துக்குக் கெட்டித் தட்டு. அப்புறம் பேடு. ஆழமான கீறலுக்குக் கம்பளி. நடுத்தரத்துக்கு இந்த மஞ்சள் ஸ்பாஞ்சு. கடைசியா மெருகு ஏத்த இந்தக் கறுப்பு. தொட்டுப் பாருங்க, குழந்தை கன்னம் மாதிரி இருக்கும்."

"அளவு?"

"பேடு எப்பவும் தட்டைவிடப் பெருசா இருக்கணும். சுத்திலும் ஒரு விரல் வெளியே நீட்டிட்டு இருக்கணும். மாத்திப் போட்டீங்கன்னா வண்டிக்காரன் உங்களைத் தேய்ச்சிடுவான்."

"அந்தப் பட்டறை பாலிஷ்காரர் இங்கதான் வாங்குவாராமே?"

கடைக்காரரின் முகம் விழுந்தது. கண்ணாடியை நெற்றியிலேயே கண்டுபிடித்து மூக்குக்கு இறக்கினார்.

"அவரா மேடம் ஆளைக் கொன்னுட்டு ஓடினாரு? நான் நம்பல. ஒரு தட்டு வாங்க அரை நாள் நிப்பாரு. கட்டைவிரலால வளைச்சுப் பார்ப்பாரு. மெஷின்ல மாட்டிச் சுத்தவிட்டு ஆடுதான்னு பார்ப்பாரு. பேடைத் தட்டு மேல வச்சு விளிம்பைச் சுத்தி விரலை ஓட்டுவாரு. மயிரிழை கோணலா ஒட்டினாலும் பிச்சு மறுபடி ஒட்டுவாரு. பொண்ணு பார்க்கப் போனப்பகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டீங்கன்னு நான் கிண்டல் பண்ணுவேன்."

"அவர் வராதப்ப யார் வருவாங்க?"

"மொதலாளி ஒரு தடவை வந்தாரு. அவருக்கு விலை மட்டும்தான் தெரியும். எப்பவாவது பாலிஷ்காரரு சம்சாரம் வரும். அதுக்கு நிறம் மட்டும்தான் தெரியும். கறுப்பு கொடுங்கன்னு வாங்கிட்டுப் போய், அளவு சேரலன்னு மறுநாள் மாத்த வரும்."

"எங்க வீட்டுல நான்தான் அப்படி" என்றான் ரேடியோ. "சோப்பு வாங்கிட்டு வரச் சொன்னா சீப்பு வாங்கிட்டு வருவேன்."

வெளியே வந்ததும் அவன் விரல்களை மடக்கினான். "பேடு அளவு தெரியாத ஆளு. குள்ளமான ஆளு. பட்டறையில புழங்குற ஆளு. மொதலாளி எப்படிக்கா? அவரை நான் பார்த்திருக்கேன். எனக்கே தோள் வரைக்கும்தான் வருவாரு. பக்கத்துல நின்னா எனக்கே கர்வமா இருக்கும்."

"வா, போய்க் கர்வப்பட்டுக்கலாம்" என்றார் சர்வேயரம்மா.

பட்டறை முதலாளி நிஜமாகவே ரேடியோவின் தோளுக்குத்தான் வந்தார். ஆனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

"தோள்பட்டை இறுகிப்போய் மாசக்கணக்காச்சு மேடம். சட்டை போடவே வீட்டுல ஆள் வேணும். நான் எங்க அந்த மெஷினைத் தூக்க? அன்னைக்கு மத்தியானமே டாக்டரைப் பார்க்க வெளியூர் போயிட்டேன், ராத்திரி ஆஸ்பத்திரியிலதான் தங்கினேன். வேணும்னா கேட்டுப் பாருங்க."

ரேடியோவின் முகத்தில் காற்று இறங்கியது.

"அந்தச் சிவப்புக் காருக்குப் பாலிஷ் வேலை ஆரம்பிச்சாச்சா?" என்றார் சர்வேயரம்மா.

"எங்க? மறுநாள்தான் கையே வைக்கிறதா இருந்துச்சு. பழைய பெயின்ட்டு மேடம். இந்தக் காலத்து வண்டி மாதிரி மேல கண்ணாடிப் பூச்சு கிடையாது. தேய்ச்சா நிறமே கழண்டு பேடுல வந்துடும். அதனால அவரு நிதானமா செய்யணும்னு ஒத்திப் போட்டிருந்தாரு."

பட்டறை நீளமான தகரக் கொட்டகை. ஒரு கோடியில் பெயின்ட் அறை. மறுகோடியில் வண்டி கழுவும் சிமென்ட் தளம். அங்கே பாலிஷ்காரரின் மனைவி முழங்கால் வரை நனைந்து, ஒரு வேனுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். கணவன் ஜெயிலுக்குப் போனாலும் அடுப்பு எரிய வேண்டுமே. அவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். தண்ணீர் வேனின் மேல் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

மெஷின் அதன் ஆணியில் தொங்கியது. பெரிய தட்டு இன்னும் மாட்டியபடி இருந்தது. சர்வேயரம்மா தட்டைத் திருப்பினார். விளிம்பில், கிண்ணத்தின் வாயில் ஒட்டிய சாந்து போல, சிவப்பு.

"கடிச்ச பல்லு கிடைச்சாச்சு" என்றான் ரேடியோ.

சாவிக்கொத்திலிருந்த சின்னச் சாவி மரத்தடுப்பில் இருந்த அலமாரியைத் திறந்தது. உள்ளே பேட்கள் அளவுவாரியாக, கழுவிக் காய்ந்து, முகம் மேலே பார்க்க அடுக்கியிருந்தன. ஒரு ஆஸ்பத்திரி அலமாரி மாதிரி இருந்தது.

"இதை யார் திறப்பாங்க?"

"அவரைத் தவிர யாரும் தொட முடியாது. சாவி அவரு இடுப்புலதான்" என்றார் முதலாளி. "சாயங்காலம் ஆனா எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டிடுவாரு. வெளிய இருக்கிறது ஈரமா காயப்போட்டது மட்டும்தான்."

அவர் காட்டிய இடத்தில், கழுவும் தளத்தின் ஓரமாக ஒரு கயிறு கட்டியிருந்தது. துணி உலர்த்துவது போல கிளிப் மாட்டி, முன்விளக்குக் கண்ணாடிக்குப் போடும் சின்னப் பேட்கள் இரண்டு தொங்கின.

சர்வேயரம்மா ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். பெரிய தட்டில் ஒட்டினார். சட்டி மேல் சின்ன மூடி போட்டது போலச் சுற்றிலும் தட்டு நீட்டிக்கொண்டிருந்தது. மூலையில் கிடந்த பழைய கதவு ஒன்றைக் காட்டினார்.

"ரேடியோ, இதைத் தேய்."

"நானா? எனக்கு மிக்சியைப் போடவே பயம்க்கா."

"அதனாலதான் நீ."

அவன் மெஷினைப் பிடித்தான். போட்டதும் அது அவனை இழுத்துக்கொண்டு இரண்டு எட்டு போனது. "அம்மா" என்று கத்தினான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். அணைத்தபோது கதவின் மேல் பிறை பிறையாகக் கீறல்கள் கிடந்தன. சிவப்புக் காரில் பார்த்த அதே பிறைகள்.

"கேஸ் முடிஞ்சுது" என்றான் மூச்சு வாங்க. "வெளிய இருந்தது இந்தத் தட்டும் அந்தச் சின்னப் பேடும் மட்டும்தான். அலமாரி பூட்டியிருந்துச்சு. சாவி அவருகிட்ட. அவரு தேய்ச்சிருந்தா அலமாரியைத் திறந்து சரியான பேடை எடுத்திருப்பாரு. அவரு இல்லக்கா! விட்டுடலாம்!"

சர்வேயரம்மா கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஒரு பிறையின் குறுக்கே நகத்தை இழுத்தார்.

டக்.

நகம் மாட்டிக்கொண்டது. அடுத்த பிறையிலும் டக். விளிம்புகள் பிளேடு மாதிரி நின்றன.

காலையில் காரில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. அப்போது நெருடியது என்ன என்று இப்போது புரிந்தது.

"ரேடியோ, அலமாரியில பின்னாடி கையை விட்டுப் பாரு. கழுவாத பேடு ஏதாவது இருக்கா?"

அவன் தோள் வரை கையை நுழைத்துத் துழாவினான். அடுக்குக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, முகம் கவிழ்த்து ஒரு பேட் செருகியிருந்தது. பெரிய கறுப்பு ஸ்பாஞ்சு. குழந்தையின் கன்னம் போல மெத்தென்று இருந்திருக்க வேண்டிய அது, சிவப்பாகக் காய்ந்து விறைத்திருந்தது.

"காருல இருக்கிற பிறைகளோட விளிம்பை யாரோ மழுக்கியிருக்காங்க" என்றார் சர்வேயரம்மா மெதுவாக. "சரியான அளவு பேடு, மெருகு ஏத்துற மெத்துப் பேடு, நீளமான கை. பானெட்டு நடுவுல இருந்த கோட்டையும் சுத்தமா எடுத்த கை. நீ கேட்டியே, அதுக்கு இதுதான் பதில். கடிச்சது ஒரு கை. தடவிக் கொடுத்தது இன்னொரு கை."

ரேடியோ அந்தப் பேடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"மறுநாள் காலையில அவரு வந்து காரைப் பார்த்திருக்காரு. தட்டு கடிச்ச அடையாளத்தைப் பார்த்த உடனே, இதை யாரு செஞ்சிருப்பாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. சத்தம் போடல. போலீசுக்குப் போகல. அலமாரியைத் திறந்து தன் கையால அதை மறைக்கப் பார்த்திருக்காரு. மொதலாளிக்காகவோ பல் டாக்டருக்காகவோ ஒரு மனுஷன் அதைச் செய்வானா?"

அவர் முதலாளியிடம் திரும்பினார். "பேடெல்லாம் கழுவிக் காயப்போடறது யாரு?"

"அந்தம்மாதான்" என்றார் முதலாளி.

கழுவும் தளத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

பாலிஷ்காரரின் மனைவி குழாயைத் தரையில் வைத்துவிட்டு அவர்களைப் பார்த்து நின்றாள். ஓடவில்லை. பல்லுக்கு நடுவில் இத்தனை நாள் கடித்துப் பிடித்திருந்ததை விட்டுவிட்டவள் போல அவள் தாடை தளர்ந்திருந்தது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மேடம்?" என்றாள். "நான் எதுவும் சொல்லலையே? நீங்களாத்தானே கண்டுபிடிச்சீங்க?"

"ஆமா. நீ எதுவும் சொல்லல."

"பிள்ளை தலையில கையை வச்சு சத்தியம் வாங்கிட்டாரு. யாருகிட்டயும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு. அவனுக்கு ஏற்கனவே மூச்சிரைக்கிற உடம்பு. அவன் தலையில வச்ச சத்தியத்தை எப்படி மேடம் மீறுவேன்? ஆனா அவரு உள்ள இருக்கும்போது எனக்குச் சோறு இறங்கல. அதான் உங்ககிட்ட வந்தேன்."

அவள் சிமென்ட் விளிம்பில் உட்கார்ந்தாள். மீதியைத் தரையைப் பார்த்தே சொன்னாள்.

அன்று சாயங்காலம் மகனுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. கணவன் போனை எடுக்கவில்லை. பட்டறைக்கு ஓடி வந்தாள். அவர் வேறொரு காரை டெலிவரி கொடுக்கப் போயிருந்தார். பலகையில் சிவப்புக் காரின் சாவி தொங்கியது. கழுவுவதற்காக வண்டிகளை முன்னே பின்னே நகர்த்திப் பழகியவள், அவ்வளவுதான் அவளுடைய டிரைவிங். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

"கண்ணாடியில பிள்ளையைப் பார்த்துக்கிட்டே ஓட்டினேன். உதடு நீலமாகுது மேடம். ரோட்டைப் பார்த்திருந்தா... சத்தம் கேட்டுத்தான் பிரேக்கே போட்டேன். திரும்பிப் பார்த்தா சைக்கிள்ல வந்தவரு ரோட்டோரத்துல கிடக்காரு. கையைத் தூக்கினாரு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கிளம்பினேன்."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு முகத்துல மாஸ்க்கு மாட்டிட்டு, என்னை வெளிய பெஞ்சுல உக்கார வச்சாங்க. கொஞ்ச நேரத்துல அவரைத் தூக்கிட்டு வந்தாங்க. உயிர் இல்ல. அவரு பொண்ணு ஓடி வந்து என் பக்கத்துலதான் உக்காந்துச்சு. டாக்டர் அதுகிட்ட, அடிபட்ட உடனே போயிருப்பாரும்மா, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாரு. அந்தப் பொண்ணு அதையே பிடிச்சுக்கிட்டு, வலி தெரியலையாம், வலி தெரியலையாம்னு என்கிட்ட சொல்லிச்சு. அதோட கையை நான் பிடிச்சிக்கிட்டிருந்தேன்."

அதன் பிறகு பிள்ளையைத் தன் அக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டு, காரைக் கொண்டுவந்து பட்டறையில் நிறுத்தியிருக்கிறாள். கயிற்றில் காய்ந்த பேடைத் தட்டில் ஒட்டி, கணவன் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் தேய்த்திருக்கிறாள். தேய்க்கத் தேய்க்கக் கீறல் கூடிக்கொண்டே போனது என்றாள்.

"நான் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியாகணும்" என்றார் சர்வேயரம்மா.

"அதுக்குத்தானே கூப்பிட்டேன்" என்று அவள் எழுந்து, முந்தானையைப் பிழிந்து உதறினாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இடிச்சிட்டு நிக்காம போனது அவ. தெரிஞ்சே தடயத்தை அழிச்சது அவன். ஒருத்தனை வெளிய விடச் சொல்லி வந்தீங்க மேடம். இப்ப ரெண்டு பேரையும் உள்ள வைக்க வேண்டியதா இருக்கு."

சர்வேயரம்மா அதைப் பட்டறையிலிருந்து வரும் வழியெல்லாம் யோசித்திருந்தார். யோசித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது வரைக்கும் யோசித்திருந்தார்.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் பாலிஷ்காரர் எழுந்து நின்றார். நெடிய மனிதர். மனைவியைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்தார். சர்வேயரம்மாவின் பக்கம் திரும்பி, "உங்களை யாரு கேட்டா? நான்தான் ஒத்துக்கிட்டேன்ல?" என்றார். பிறகு மனைவியிடம் தணிவாக, "தம்பி சாப்பிட்டானா?" என்றார்.

"சாப்பிட்டான். அக்காகிட்ட விட்டிருக்கேன்."

அவர் அப்படியே கீழே உட்கார்ந்தார்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் இன்னும் கழற்ற மறந்த அளவு நாடா. தையல்காரரின் மகள். விஷயம் இருக்கிறது, வந்துவிட்டுப் போகவும் என்று மட்டும் இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பியிருந்தார். அவள் உள்ளே கண்ணை ஓட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, தெரிந்த முகம் ஒன்று கிடைத்த ஆறுதலோடு கிட்டே வந்தாள்.

"அக்கா, நீங்க இங்கயா? பையனுக்கு இப்ப எப்படி இருக்கு?"

சர்வேயரம்மா ஒரு அடி முன்னால் வைத்தார். இதைச் சொல்வது தன் வேலை. அவர் வாயைத் திறப்பதற்குள் பாலிஷ்காரரின் மனைவி எழுந்துவிட்டாள்.

"சொல்லாத!" என்று கம்பிக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "தம்பி தலையில சத்தியம் பண்ணியிருக்க. சொல்லாத!"

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"உங்க அப்பாவை இடிச்சது நான்தாம்மா" என்றாள்.

அளவு நாடாவின் ஒரு முனையை அந்தப் பெண் விரலில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். அழுவாள், அடிப்பாள் என்று கான்ஸ்டபிள் ஒருவர் நெருங்கி வந்தார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"டாக்டர் சொன்ன மாதிரிதானே? அப்பவே போயிட்டாருல்ல?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் உண்மையைக் கறந்தவர் சர்வேயரம்மா. அந்த நிமிஷத்தில், எதிரே நின்றவள் ஒரு பொய் சொல்லிவிட மாட்டாளா என்று அவர் மனம் கெஞ்சியது.

"இல்லம்மா" என்றாள் பாலிஷ்காரரின் மனைவி. "கையைத் தூக்கினாரு."